பசுவுக்கு எதுக்கு நாலு அறை வயிறு? பிள்ளைக்குச் சொல்லித் தாங்க!

'பசுவின் இரைப்பையில் எத்தனை அறைகள்?' உங்கள் வீட்டு ஏழாம் வகுப்பு வாண்டைக் கேட்டுப் பாருங்கள். 'நாலு' என்று பட்டென்று பதில் வரும். பெயர்களைக் கேட்டால் ரூமன், ரெட்டிகுலம், ஒமேசம், அபோமேசம் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கும். 'சரி, எதுக்கு நாலு? நமக்கு ஒண்ணே போதுமா இருக்கே?' என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். திருதிருவென்று முழிக்கும்!

பிள்ளையைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பரீட்சையில் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்கிறார்கள். மார்க் அதற்குத்தான். ஆனால் ஓர் உறுப்பைப் பற்றிப் படிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இது இல்லாவிட்டால் அந்தப் பிராணி எப்படிப் பிழைக்கும்?' என்பதுதான். இதை மட்டும் பிள்ளைக்குப் பழக்கிவிட்டால், பெயர்கள் தானாக மனசில் நிற்கும்.

இதற்கு சோதனைக்கூடம் தேவையில்லை. தில்லை நகரில் இருப்பவர்கள் காலையில் வாசல் கதவைத் திறந்தால் போதும். ஏதாவது ஒரு கிராஸ் முனையில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பசு நிற்கும். பத்தடி தள்ளி நின்று பிள்ளையோடு அதைக் கவனியுங்கள். (கிட்டே போக வேண்டாம். கன்றோடு நிற்கும் பசு முட்டும்.)

முதலில் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். பசுவுக்கு மேல் வரிசையில் முன்பல் கிடையாது. அந்த இடத்தில் கெட்டியான ஈறுதான் இருக்கிறது. அதனால் அது நம்மைப் போல் கடித்துத் தின்பதில்லை. சொரசொரப்பான நீள நாக்கை வெளியே நீட்டி, புல்லை ஒரு கொத்தாகச் சுருட்டி, கீழ்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பிடித்து, வெடுக்கென்று இழுத்து அறுக்கிறது. ஒன்றிரண்டு மெல்லு. அப்புறம் ஒரே விழுங்கு!

"ஏம்மா அவ்வளவு அவசரம்?" என்று பிள்ளை கேட்டால் உங்களுக்கு வெற்றி. மாட்டின் மூதாதைகள் திறந்த வெளியில் மேய்ந்தவை. குனிந்து மேயும் நேரத்தில்தான் புலியும் செந்நாயும் பாயும். எனவே கிடைத்ததை அவசரமாக உள்ளே போட்டுக்கொண்டு, பத்திரமான இடத்துக்குப் போய்ப் படுத்து, நிதானமாக அசைபோட்டால்தான் உயிர் தப்பும். விஞ்ஞானிகள் சொல்லும் விளக்கம் இது. இப்படி வாரிக்கொண்டு வந்ததைப் போட்டு வைக்க ஒரு பெரிய கோணிப்பை வேண்டாமா? அதுதான் முதல் அறையான ரூமன். வளர்ந்த மாட்டின் இடது பக்க வயிறு முழுக்க இது அடைத்துக்கொண்டிருக்கிறது. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். நம் வீட்டுத் தண்ணீர்க் குடம் ஏழெட்டு வைத்தால் எவ்வளவு இடம் ஆகும், அவ்வளவு!

வெறும் கோணிப்பை என்று நினைத்துவிடாதீர்கள். விஷயமே இனிமேல்தான் இருக்கிறது.

புல்லிலும் வைக்கோலிலும் இருப்பது செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள். அதைச் செரிக்கும் சரக்கு நம் உடம்பில் சுரப்பதில்லை. ஆச்சரியம் என்னவென்றால், பசுவின் உடம்பிலும் சுரப்பதில்லை! அப்புறம் எப்படி வைக்கோலைத் தின்று பால் தருகிறது?

உங்கள் சமையலறையிலேயே பதில் இருக்கிறது. ராத்திரி இட்லி மாவு கரைத்து வைக்கிறீர்கள். காலையில் பொங்கி நிற்கிறது. நீங்களா பொங்க வைத்தீர்கள்? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் செய்த வேலை அது. ரூமனும் அப்படி ஒரு புளிக்க வைக்கும் பானைதான். கதகதப்பாக, காற்றில்லாமல், எப்போதும் ஈரமாக இருக்கும் அந்த இருட்டறையில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாரை உடைப்பது அவைதான். அப்படி உடைக்கும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்களை ரூமனின் சுவரே உறிஞ்சி ரத்தத்தில் சேர்த்துக்கொள்கிறது. பசுவுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு இதிலிருந்துதான்.

பசு படுத்துக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டே இருக்கிறதே, அது பொழுதுபோக்கு இல்லை. விழுங்கியதை உருண்டை உருண்டையாகத் திரும்ப வாய்க்குக் கொண்டு வந்து அரைக்கிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் இதே வேலைதான். அசைபோடும்போது உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருக்கும். பெரிய கறவை மாட்டுக்கு ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல் ஊறும். அதில் நம் சமையல் சோடா உப்பைச் சேர்ந்த சத்து கலந்திருக்கிறது. ரூமனில் புளிப்பு ஏறிப்போகாமல் காப்பது அதுதான். மாவு அதிகம் புளித்தால் நாம் தூக்கிக் கொட்டிவிடலாம். பசு எங்கே போய்க் கொட்டும்?

மற்ற மூன்று அறைகளையும் சீக்கிரம் சொல்லிவிடலாம். இரண்டாவது ரெட்டிகுலம். உள்சுவர் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். அசைபோட வேண்டியதைத் திருப்பி அனுப்ப உதவுவது இது. மூன்றாவது ஒமேசம். புத்தகத்தின் பக்கங்கள் போல மடிப்பு மடிப்பாக இருந்து, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நாலாவதுதான் நம்முடையது போன்ற நிஜ இரைப்பை. அமிலம் சுரப்பது இங்கேதான். மேலே இருந்து வந்து சேரும் பாக்டீரியாக்களையும் சேர்த்தே இது செரித்துவிடும். பசுவுக்குப் புரதம் கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான். தனக்கு உழைத்தவர்களையே கடைசியில் சாப்பிட்டுவிடுகிறது!

'அப்படின்னா கன்னுக்குட்டி குடிக்கிற பாலும் அந்தப் புளிக்கிற பானைக்கா போகும்?' நல்ல கேள்வி. போகாது. பால் குடிக்கும்போது உள்ளே ஒரு மடிப்பு குழாய் மாதிரி மூடிக்கொண்டு, பாலை ரூமனில் விழவிடாமல் நாலாவது அறைப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எல்லாப் பிராணிகளுக்கும் இதே ஏற்பாடு என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. ஸ்ரீரங்கத்தில் ஆண்டாளையும், திருவானைக்காவில் அகிலாவையும் பார்த்திருப்பீர்கள். யானையும் இலை தழைதான் தின்கிறது. ஆனால் அதற்கு நாலு அறையும் இல்லை, அசைபோடுவதும் இல்லை. புளிக்க வைக்கும் வேலை கடைசியில், பெருங்குடல் பக்கத்தில்தான் நடக்கிறது. அதனால் தின்றதில் பாதிகூடச் செரிக்காமல் சாணியில் நாராகவே வந்துவிடும். ஈடுகட்ட என்ன வழி? நிறையத் தின்பதுதான்! காட்டு யானை நாளின் பெரும் பகுதியை நடப்பதிலும் தின்பதிலுமே கழிக்கிறது. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம் மேயும் ஆடு இன்னொரு விதம். அசைபோடும் ஜாதிதான், ஆனால் உதடு கெட்டிக்காரத்தனமானது. முள்ளுக்கு நடுவே இருக்கும் துளிர் இலையை மட்டும் நறுக்கென்று பொறுக்கி எடுத்துவிடும். மாட்டின் நாக்குக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. அது வாரிப் போட்டுக்கொள்ளும் நாக்கு.

இதை நினைவில் வைத்துக்கொண்டு, மறுபடி அந்தக் குப்பைத் தொட்டிக்கு வாருங்கள்.

நேற்று மிஞ்சிய சாம்பார் சாதம், வாழைப்பழத் தோல், காய்கறிக் கழிவு எல்லாவற்றையும் ஒரு கேரி பேக்கில் போட்டு, ஒழுகக் கூடாதே என்று இறுக்கமாக முடிச்சும் போட்டு வைக்கிறோம். சுத்தமாகத்தான் செய்கிறோம். பசுவுக்கு உள்ளே இருக்கும் சாதம் மணக்கிறது. முடிச்சை அவிழ்க்க அதற்கு விரல் இல்லை. பொறுக்கியெடுக்க ஆட்டின் உதடும் இல்லை. புலிக்குப் பயந்த காலத்துப் பழக்கப்படி, மெல்லாமல் கவரோடு விழுங்கிவிடுகிறது.

அடுத்து என்ன ஆகும் என்பதை இப்போது பிள்ளையே சொல்லிவிடும். பிளாஸ்டிக்கை உடைக்க அந்த பாக்டீரியாக்களால் முடியாது. ரூமனிலிருந்து மேற்கொண்டு போகும் வழி சின்னது. நன்றாக அரைபட்ட தீவனம் மட்டும்தான் அதில் நுழையும். கவர் நுழையாது. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். நாளாக ஆக, கயிறும் துணியும் சேர்ந்து கெட்டியான பந்தாகிவிடும். வயிறு நிறைந்திருப்பதால் மாடு தீவனத்தைக் குறைக்கும். பார்த்தால் வயிறு புடைத்துத்தான் இருக்கும், உடம்போ உள்ளுக்குள் பட்டினி கிடக்கும்.

மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு, திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு பசுவைக் கொண்டு வந்தார்கள். கன்று ஈன்று கொஞ்ச நாளே ஆன பசு. டாக்டர்கள் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்து, அதன் ரூமனிலிருந்து வெளியே எடுத்த பிளாஸ்டிக் 52 கிலோ! நம் வீட்டுக்கு வாங்கும் அரிசி மூட்டை 25 கிலோ. அதைப்போல இரண்டு மூட்டைக்கும் மேல்!

கவர் மட்டுமா? ஆணி, கம்பித் துண்டு, ஊசி இவையும் சாதத்தோடு உள்ளே போகும். கனமான பொருள் என்பதால் இரண்டாவது அறையான ரெட்டிகுலத்தில் போய்த் தங்கும். அந்த அறைக்கும் இதயத்துக்கும் நடுவில் இருப்பது உதரவிதானம் என்ற மெல்லிய தடுப்பு மட்டும்தான். ரெட்டிகுலம் சுருங்கும்போது கம்பி குத்திக்கொண்டு முன்னால் நகர்ந்தால், இதயத்தின் உறையையே துளைத்துவிடும். படத்தில் நாலு அறைகளையும் குறித்துப் பத்து மார்க் வாங்கிய பிள்ளைக்கு, ரெட்டிகுலத்துக்குப் பக்கத்து வீடு இதயம் என்பது தெரிந்திருக்குமா?

அன்பாலும் ஆபத்து வரும். மாட்டுப் பொங்கலன்று ஆசையாசையாய்ப் பொங்கலும் சோறும் வாழைப்பழமும் ஊட்டுகிறோம். அக்கம்பக்கத்து வீடுகளிலும் ஊட்டுகிறார்கள். நாரைப் போல மெதுவாகப் புளிக்கிற சமாசாரமா அரிசி? மாவுச்சத்து மளமளவென்று புளித்து அமிலம் ஏறிவிடும். அந்தப் புளிப்பில் நார் உடைக்கும் பாக்டீரியாக்கள் செத்துப் போகும். மாடு அசைபோடுவதை நிறுத்தி, கழிந்து, சோர்ந்து படுத்துவிடும். சில சமயம் உயிருக்கே வினையாகும். கை நிறைய ஒரு பிடி கொடுத்து, மற்றபடி பசும்புல் வாங்கிப் போட்டால் பண்டிகை நன்றாகவே நடக்கும்.

வீட்டில் செய்து பார்க்க இரண்டு சின்னச் சோதனைகள். ஒரு பூந்தொட்டி மண்ணில் வாழைப்பழத் தோல், கீரைத்தண்டு, பால் கவரில் வெட்டிய ஒரு துண்டு மூன்றையும் புதைத்து, அன்றாடம் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஒரு மாதம் கழித்துப் பிள்ளையையே தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தோலும் தண்டும் மக்கி உருத்தெரியாமல் போயிருக்கும். பால் கவரில் அச்சடித்த எழுத்தைக்கூடப் படிக்கலாம். (தோண்டிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.) இன்னொன்று, ஒரு கவளம் வெறும் சாதத்தை விழுங்காமல் முப்பது தடவை மெல்லச் சொல்லுங்கள். லேசாக இனிக்கும். நம் உமிழ்நீர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதன் ருசி அது. அதே பிள்ளை எத்தனை நேரம் கீரைத்தண்டின் சக்கையை மென்றாலும் சக்கை சக்கையாகவே இருக்கும். ஆனாலும் அது வீண் இல்லை. நம் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அந்த நாரில் ஒரு பகுதி சாப்பாடு. மீதி மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்கிறது. 'கீரை சாப்பிடு' என்று தினம் மல்லுக்கட்டும் அம்மாக்களுக்கு இது ஒரு கூடுதல் பாயிண்ட்!

பாட்டிமார்களைக் கேட்டால் கழுநீர்ப் பானை பற்றிச் சொல்வார்கள். அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல் எல்லாம் அதில் விழும். மாடு வைத்திருப்பவர் வந்து எடுத்துப் போவார். முடிச்சு என்ற பேச்சே இல்லை. இன்று அடுக்குமாடி வீட்டில் பானை வைக்க முடியாதுதான். ஆனால் மக்கும் குப்பையைக் கவரில் கட்டாமல், ஒரு மூடி போட்ட பக்கெட்டில் தனியாக வைத்து, வண்டி வரும்போது அப்படியே கொட்டிவிடலாமே? தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கேரி பேக்குகளுக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மஞ்சப்பைத் திட்டமும் வந்தது. பால் கவருக்கு விலக்கு உண்டு என்பதால், அதைக் கழுவிக் காயவைத்துத் தனியே சேர்த்துப் போட வேண்டும். வெட்டும்போது மூலையைத் துண்டாக நறுக்காமல் ஒட்டியபடி விட்டால், அந்தத் துணுக்கும் தொலையாது.

உங்கள் தெருப் பசு நலமா என்று பிள்ளை தள்ளி நின்றே கண்டுபிடிக்கலாம். ஓய்வாகப் படுத்திருக்கும்போது அசைபோடுகிறதா? இடது பக்கம் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் ஒரு குழி தெரியும். அந்தக் குழி மேடாகிப் புடைத்திருக்கிறதா? பின்காலால் வயிற்றை உதைத்துக்கொள்கிறதா? அசைபோடவில்லை, வயிறும் புடைத்திருக்கிறது என்றால் மாட்டுக்காரருக்கு உடனே சொல்லி அனுப்புங்கள். அவர் அகப்படாவிட்டால் 1962-க்கு போன் போடுங்கள். கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கும் எண் அது.