களஞ்சியத்துள் நிற்கும் நீரை இறைத்தல்: பம்பியைத் தெரிதலும் பொருத்துதலும்

மாரி மழை பெய்யும்போது கமக்காரருக்குத் தம் படுக்கை நனைவதைவிட விதைநெல் நனைவதே பெரிய துன்பம். 2008 நவம்பரில் நிஷா சூறாவளி வந்தபோதும், 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் பெருகியபோதும் இதை நாம் கண்டோம். இடம்பெயர்ந்து வாழும்போது கட்டடத்தைத் தெரிந்தெடுக்கும் வசதி நமக்கில்லை. கிடைத்த களஞ்சியத்தின் நிலம் முற்றத்தைவிடப் பதிந்திருந்தால் நீர் உள்ளே வந்தே தீரும். அந்நீரை வெளியேற்றும் முறையை இப்பாடத்தில் படிப்போம்.

1. அவசரப்பட்டு இறைக்க வேண்டாம்

வெளியே வெள்ளம் நிற்கும்போது உள்ளே மட்டும் நீரை வற்றச் செய்தால், வெளிநீர் சுவரை உள்நோக்கித் தள்ளும். ஊறிய மண்சுவரோ பழைய செங்கற்சுவரோ இடிந்து விழலாம். இறைத்த நீரும் திரும்பி வரும். ஆகவே விதைநெல்லை உயரத்தில் ஏற்றிவிட்டு, வெளிவெள்ளம் வடியும்வரை பொறுத்திருப்போம். பின்னர் கூரைநீர் சுவரடியில் விழாதபடி பீலி வைத்து, சுற்றிவர வாய்க்கால் வெட்டுவோம். 300 சதுர அடிக் கூரையில் 2 அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 1,400 லீற்றர் நீர் விழும். அதை வெளியிலேயே திருப்பிவிட்டால் பம்பிக்கு வேலை குறையும்.

2. நீரை அளந்து பார்ப்போம்

20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள அறையில் 1 அடி நீர் நின்றால் அது 300 கன அடி. ஒரு கன அடி ஏறக்குறைய 28 லீற்றர். எனவே மொத்தம் 8,400 லீற்றர்.

இறைத்து முடித்ததும் வேலை முடிந்தது என்று எண்ணக்கூடாது. சிறிது நீரை விட்டு, அதன் மட்டத்தைச் சுவரில் கரிக்கோட்டால் குறிப்போம். ஒரு மணித்தியாலத்தில் நீர் 1 அங்குலம் ஏறினால், 700 லீற்றர் ஊறி வருகிறது என்பது கருத்து. அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு வாளி.

3. எந்தப் பம்பி?

2 அங்குல இயந்திரப் பம்பியின் தகட்டில் நிமிடத்துக்கு 500 அல்லது 600 லீற்றர் என்று இருக்கும். அது தூக்கும் உயரம் மிகக் குறைவாக உள்ளபோது கிடைக்கும் அளவு. உயரமும் குழாயின் நீளமும் வளைவுகளும் கூடக்கூட நீர் குறையும். பாதியென்று கணக்கிடுவது நல்லது. அப்படியானாலும் மேற்சொன்ன அறை அரை மணித்தியாலத்தில் வற்றிவிடும். அரை மணித்தியால வேலைக்காகக் கடன்பட்டுப் பெரிய பம்பி வாங்க வேண்டியதில்லை. பல குடும்பங்கள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கலாம். பிறகு ஊறும் நீருக்கு அரைக் குதிரைவலுவுள்ள சிறு மின்பம்பி தாராளமாகப் போதும். மின்சாரம் இல்லாவிட்டால் முறைவைத்து வாளியால் இறைத்தும் சமாளிக்கலாம்.

4. பொருத்தும் முறை

• அறையின் மிகப் பதிந்த மூலையில் 2 அடிச் சதுரமும் இரண்டரை அடி ஆழமும் உள்ள கிடங்கு வெட்டுவோம். சுவரின் அத்திவாரத்தைத் தோண்டலாகாது.
• துளையிட்ட பிளாஸ்டிக் பீப்பாவை அதில் இறக்கி, சுற்றிவரச் சல்லி போடுவோம். சேறும் வைக்கோலும் பம்பிக்குள் போகாது.
• உறிஞ்சும் குழாய் தடித்ததாக இருக்கட்டும். மெல்லிய குழாய் ஒட்டிக்கொள்ளும். பூட்டுகளில் காற்றுப் புகுந்தால் நீர் ஏறாது. தொடக்குமுன் பம்பியை நீரால் நிரப்ப வேண்டும்.
• நிலத்தில் வைக்கும் பம்பி 20 அடிக்கு மேல் உறிஞ்சுவது கடினம். நீருக்குக் கிட்ட வைப்போம்.
• மின்பம்பியின் வெளியேற்றும் குழாயில் ஒருவழி வால்வு பூட்டினால் குழாயில் நிற்கும் நீர் கிடங்குக்குத் திரும்பாது.
• குழாயின் வாய் 20 அடிக்கு அப்பால், பள்ளமான பக்கத்தில் இருக்கட்டும். கிணற்றடிக்கோ அயலவர் வளவுக்கோ நீரை விடலாகாது. வெள்ளநீரில் மலசலகூடக் கழிவும் கலந்திருக்கும்.

5. உயிரைக் காப்போம்

இயந்திரப் பம்பியைக் கட்டடத்துக்குள்ளோ வாசலிலோ யன்னலடியிலோ ஓட்டக்கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே இறக்க நேரிடும். நீர் நிற்கும் அறையில் இறங்குமுன் பிரதான மின் ஆளியை நிறுத்த வேண்டும். ஆனால் ஈர நிலத்தில் நின்றோ நீருக்குள் நின்றோ அதைத் தொடலாகாது. மின்பம்பிக்குப் புவித்தொடுப்பும் ட்றிப் சுவிச்சும் கட்டாயம்.

கலந்துரையாடுவோம்

1. நம் கட்டடத்துக்குள் நீர் எங்கிருந்து வருகிறது: கூரையிலிருந்தா, முற்றத்திலிருந்தா, நிலத்திலிருந்தா?
2. ஒரு மணித்தியாலத்தில் எத்தனை அங்குலம் ஊறுகிறது?
3. இறைக்கும் நீர் எவருக்கும் தீங்கின்றிப் போக வழி எது?

இவற்றுக்கு விடை கண்ட பின்னரே பம்பி தேடிப் புறப்படுவோம். அடுத்த போகத்துக்கு விதை மிஞ்ச வேண்டுமானால் பீலியையும் வாய்க்காலையும் மழைக்கு முன்னரே செய்து முடிப்போம்.