முதலில் காற்று, பிறகு சக்கரம்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய கையோடு இளையவர்கள் கேட்பது, "அண்ணே, எந்த வீல் போட்டால் எடுப்பாக இருக்கும்?" என்றுதான். அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் போடுவதானால், கார் எந்த உயரத்தில் ஓடப்போகிறது, எந்த உயரத்தில் நிற்கப்போகிறது என்ற இரண்டும் முடிவான பிறகுதான் வீலுக்கு விடை கிடைக்கும். எடுத்துக்காட்டுக்கு டொயோட்டா 86-ஐ வைத்துக்கொள்வோம். 2012-இல் சந்தைக்கு வந்த கார். சுபாருவின் பிஆர்இசட் அதன் உடன்பிறப்பு. எடை ஏறத்தாழ 1,240 கிலோ. முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், பின்னால் டபுள் விஷ்போன். உங்கள் கார் வேறானால் எண்கள் மாறும், முறை மாறாது.

1. ஓடும் உயரத்தை முதலில் தீர்மானியுங்கள். படங்களில் வயிறு தரையைத் தொடப் படுத்திருக்கும் கார்கள் காற்றை இறக்கி நிறுத்தப்பட்டவை. அந்த உயரத்தில் யாரும் ஓட்டுவதில்லை, ஓட்டவும் கூடாது. ஷாக் அப்சார்பரின் தண்டு மேலேயும் போக வேண்டும், கீழேயும் வர வேண்டும். பையில் காற்று குறைந்தால் ஒவ்வொரு குழியிலும் அடிவாங்கும். மிகுந்தால் தண்டு முழுதாக நீண்டு நின்றுவிடும், சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் துள்ளும். இரண்டு பக்கமும் போதிய அசைவு இருக்கும் உயரமே உங்கள் உயரம். அதைக் கண்டுபிடித்து, மட்கார்டு விளிம்பிலிருந்து சக்கரத்தின் நடுப்புள்ளி வரை டேப்பால் அளந்து, எழுதி வையுங்கள். இனி வரும் எல்லாக் கணக்கும் அந்த எண்ணிலிருந்துதான்.

2. ஊர்ச் சட்டத்தைப் பணம் கட்டுவதற்கு முன் விசாரியுங்கள். இந்தக் கார் பிறந்த ஜப்பானில், வாகனச் சோதனையில் தேற வேண்டுமானால் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் 9 செ.மீ. இடைவெளி வேண்டும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பை விருப்பப்படி மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதி கிடைக்காத ஊரில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

3. பணத்தை உயர சென்சாருக்குச் செலவிடுங்கள். ஏர் சஸ்பென்ஷன் என்பது நான்கு காற்றுப்பைகள், கம்ப்ரசர், டேங்க், வால்வுகள், அவற்றை ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டி. மலிவானது அழுத்தத்தை மட்டும் பார்க்கும். பக்கத்து இருக்கையில் ஆள் ஏறினால் அதே அழுத்தத்தில் கார் தாழ்ந்துவிடும். அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அந்தப் பெட்டி நம்பிக்கொண்டிருக்கும். சென்சார் வைத்தது ஒவ்வொரு மூலையின் உயரத்தையும் நேரே அளந்து, நீங்கள் எழுதி வைத்த எண்ணுக்கே காரைக் கொண்டுவரும். பூட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு டேங்கை அலங்கரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசில் நல்ல சென்சார் வாங்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

கம்ப்ரசர் வாங்கும்போது தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடலாம் என்று பாருங்கள். 33 சதவீதம் என்று எழுதியிருந்தால், பத்து நிமிடத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே மேல் ஓட்டலாம். மற்ற நேரம் அது ஆற வேண்டும்.

4. காற்றுப்பை காரைத் தாங்கும். அடக்குவது ஷாக் அப்சார்பர். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். உங்கள் மாடலுக்கென்றே செய்த முழு கிட் வாங்குங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்த்துப் பூட்டுவது தேர்ந்தவர்களின் வேலை.

5. வீலின் எண்களை மனப்பாடம் செய்யுங்கள். 86-க்கு ஐந்து போல்ட். அவை அமைந்த வட்டத்தின் விட்டம், அதாவது பி.சி.டி., 100 மி.மீ. நடுத்துளை 56.1 மி.மீ. ஸ்டட்டின் மரை 12×1.25. நிசான், ஹோண்டா கார்களில் பரவலாக இருக்கும் 114.3 மி.மீ. வீல் இதில் ஏறாது. நடுத்துளை பெரிதான வீல் என்றால், ஹப்பில் சரியாக உட்கார வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா என்பதும் வீலின் குழியோடு ஒத்துப்போக வேண்டும்.

6. ஆஃப்செட்டை, அதாவது ஹப்பில் பொருந்தும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதை, பிறர் சொல்லக் கேட்காமல் தாளில் போட்டுப் பாருங்கள். கம்பெனி வீல் 17×7 அங்குலம், ஆஃப்செட் பிளஸ் 48. நீங்கள் 18×8.5, பிளஸ் 45 பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்குப் பாதி 19. ஆஃப்செட் 3 குறைந்ததால் வீல் முழுவதும் 3 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக வெளிவிளிம்பு 22 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 16 மி.மீ. உள்ளே போகும். அதே அகலத்தில் பிளஸ் 35 எடுத்தால் வெளியே 32, உள்ளே 6. முதலாவது ஸ்ட்ரட்டை நெருங்கும், இரண்டாவது மட்கார்டை நெருங்கும். ஸ்பிரிங் போட்ட காரில் ஒருவருக்குச் சரியாக அமைந்த வீல் உங்களுக்கு அமையாமல் போவது இங்கேதான்: உங்கள் ஸ்ட்ரட்டின் மேல் ஒரு பை இருக்கிறது, காற்று ஏற இறங்க அதன் வடிவம் மாறுகிறது.

7. டயரின் மொத்த விட்டத்தை மறக்காதீர்கள். கம்பெனி அளவான 215/45 ஆர்17-இன் விட்டம் 625 மி.மீ. 225/40 ஆர்18 போட்டால் 637. வேகமானி ஏறத்தாழ 2 சதவீதம் குறைத்துக் காட்டும், மட்கார்டுக்குள் ஆரத்தில் 6 மி.மீ. இடமும் போகும். 215/40 ஆர்18 என்றால் 629 தான். இறங்கி நிற்கும் காருக்கு, 637-ஐவிட ஆரத்தில் மிச்சமாகும் அந்த 4 மி.மீ. பெரிய உதவி.

8. வீலின் பின்பக்கத்தில் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகளைத் தேடுங்கள். முன்னது ஜப்பானின் அலாய் வீல் தரத்தைக் குறிப்பது. பின்னது அதை வெளியார் சோதித்துப் பதிவுசெய்ததைக் காட்டுவது. புகழ்பெற்ற வீலின் தோற்றத்தை மட்டும் நகலெடுத்த மலிவுச் சரக்கு குழியில் விழுந்தால் விரிசல் விடும். ஃபோர்ஜ் செய்த வீலுக்குக் காசில்லையென்றால் நல்ல வார்ப்பு வீல் வாங்குங்கள்; நகலுக்குப் போகாதீர்கள்.

9. பைகளைப் பூட்டிய பிறகுதான் வீலுக்கு ஆர்டர். காற்றை மெல்ல மெல்ல இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, பைக்கும் டயருக்கும், டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். டயர் மட்கார்டில் உரசினால் பெயின்ட் போகும். பையில் உரசினால் ஓடும்போது அந்த மூலை சட்டென்று சரியும்; அது உயிர் சம்பந்தப்பட்டது. இதில் சமாதானமே வேண்டாம்.

10. அலைன்மென்ட் ஓடும் உயரத்தில். காரை இறக்கினால் கேம்பரும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும் அளவு) மாறும். கேம்பரைவிட டோ தவறினால்தான் டயர் சீக்கிரம் தேயும். அலைன்மென்ட் கடைக்காரரிடம் நீங்கள் எழுதி வைத்த உயரத்தைக் காட்டி, காரை அங்கே நிறுத்திய பிறகே அளக்கச் சொல்லுங்கள்.

11. காற்றை நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் ஒரு கையைக்கூட உள்ளே விடக் கூடாது. ஒரு குழாய் கழன்றால் கார் ஒரு நொடியில் தரைக்கு வந்துவிடும்.

12. குழாயைக் கத்தரியால் நசுக்கி வெட்டாமல், அதற்கான கட்டரால் நேராக வெட்டுங்கள்; கோணலாக வெட்டிய முனைதான் பெரும்பாலும் கசியும். எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கம்ப்ரசருக்குப் போகும் ஒயரில் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள். டேங்கில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால், கார் கையேடு சொல்லும் அளவுக்கு, மறுபடி இறுக்குங்கள். ராத்திரி நிறுத்தும்போது நான்கு மூலைகளின் உயரத்தையும் குறித்துக்கொண்டு காலையில் மீண்டும் அளந்து பாருங்கள். எந்த மூலை இறங்கியிருக்கிறதோ அந்தப் பக்கத்து இணைப்பிலிருந்து தேடத் தொடங்குங்கள்.