புயல் கற்பித்த பாடம்: டார்வின், 1974

1974ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அதிகாலையில், ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரை ட்ரேசி சூறாவளி தாக்கியது. விமான நிலையத்திலிருந்த காற்றுமானி மணிக்கு 217 கிலோமீற்றர் வேகத்தைப் பதிவு செய்தபின் செயலிழந்தது. 66 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலான வீடுகள் அழிந்தன. 30,000க்கும் மேற்பட்டோர் பிற நகரங்களுக்கு அனுப்பிவைக்கப்பட்டனர்.

எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எனினும், அம்மாதத் தொடக்கத்தில் செல்மா என்னும் சூறாவளி நகரை நெருங்கி வந்து, தாக்காமல் திரும்பியிருந்தது. இதுவும் விலகிவிடும் என எண்ணிய பலர் நத்தார் ஆயத்தங்களில் ஈடுபட்டிருந்தனர்.

சேதத்தை ஆராய்ந்த பொறியியலாளர்கள் முக்கிய காரணமொன்றைக் கண்டறிந்தனர். காற்று மீண்டும் மீண்டும் உலுக்கியதால் கூரைத் தகடுகள் திருகாணிகளைச் சுற்றி வெடித்துப் பறந்தன. கூரையிழந்த சுவர்கள் சாய்ந்தன. அதன்பின், கூரை, சுவர், அத்திவாரம் மூன்றையும் ஒன்றோடொன்று பிணைக்கும் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன.

டார்வின் அருங்காட்சியகத்தின் இருண்ட அறையொன்றில், அன்றிரவு பதிவான புயலின் இரைச்சலைப் பார்வையாளர்கள் இன்றும் கேட்கின்றனர். புயலைக் காணாத தலைமுறைக்கும் அந்நினைவு இவ்வாறு சென்றடைகிறது.

குடியிருப்போர் கருத்திற் கொள்ள வேண்டியவை:

• முன்னர் விலகிய புயல் இம்முறையும் விலகும் என்பதற்கு உறுதியில்லை. ஒவ்வோர் எச்சரிக்கையும் புதியதே.
• புயற்பருவத்திற்கு முன்னரே கூரையையும் மழைநீர்ப் பீலிகளையும் சரிபார்த்தல் நன்று.
• புயல், வெள்ள உதவிக்கு மாநில அவசரச் சேவை: 132 500. உயிராபத்து நேரின்: 000. தமிழ் மொழிபெயர்த்துரைப்பாளர் தேவைப்படின்: 131 450.