மணிக்கு ஒரு துணை வேண்டுமா?

கேள்வி: கீரமங்கலம் பக்கம் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. மணி மூன்று வயது ஆண் நாய், நாட்டு நாய்தான். மகன் கல்லூரிக்காகத் திருச்சிக்குப் போனதிலிருந்து வைத்த சோற்றில் பாதி அப்படியே கிடக்கிறது. நாங்கள் பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டால் ஊளையிடுகிறானாம். 'துணைக்கு இன்னொன்று வளர்த்தால் சரியாகிவிடும்' என்கிறார் நாத்தனார். கோயில் தெருவில் ஒரு நாய் ஆறு குட்டி போட்டிருக்கிறது. இரண்டாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் ராஜபாளையம் குட்டி தருகிறேன் என்கிறார். எதை எடுக்கலாம், டாக்டர்?
– வாசகி, ஆலங்குடி வட்டம்

பதில்: எந்தக் குட்டி என்பதைப் பிறகு பார்ப்போம். மணிக்கு என்ன குறை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சோறு குறைந்தால் எல்லாம் ஏக்கம்தான் என்று நினைக்க வேண்டாம். தோட்டத்து நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் சகஜம். ஈறு வெளுத்திருக்கிறதா, காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கால்நடை மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

உடம்பில் கோளாறு இல்லை என்றால், நீங்கள் கிளம்பும்போது ஒரு செல்போனில் வீடியோ ஓடவிட்டுப் போங்கள். நீங்கள் போன சிறிது நேரத்திலேயே கேட்டைப் பிராண்டி, வாயில் எச்சில் ஒழுக ஊளையிட்டால், அவன் தேடுவது மனிதர்களை. அதற்கு இன்னொரு நாய் மருந்தாகாது. புதுக்குட்டியும் சேர்ந்து ஊளையிடப் பழகிக்கொள்ளலாம். மகன் செய்துவந்த வேலையை வீட்டில் ஒருவர் ஏற்க வேண்டும். காலையும் மாலையும் அதே நேரத்தில் நடை, அதே கையால் சாப்பாடு. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று வெளியே போய்த் திரும்பி, தனிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

அமைதியாகப் படுத்திருந்துவிட்டு, வேறு நாயின் குரல் கேட்டதும் வேலியோரம் வாலாட்டி ஓடுகிறான் என்றால் துணை உதவலாம். அப்போதும் உடனே குட்டியைத் தூக்கி வர வேண்டாம். பக்கத்துத் தோட்டத்தில் தடுப்பூசி போட்ட நாய் இருந்தால், ஓரிரு மாலை இரண்டையும் சேர்த்து நடத்திப் பாருங்கள். முன்னங்காலை மடக்கி விளையாடக் கூப்பிடுகிறானா, முதுகு மயிர் சிலிர்த்து விறைக்கிறானா என்பதிலேயே பாதி விடை வந்துவிடும்.

துணை வேண்டும் என்று முடிவானால், ஒரே குட்டியாக எடுங்கள். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டைச் சேர்த்து வளர்த்தால் அவை ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும். பழக்குவதும் கடினம், மணியும் தனியாகிவிடுவான். ஆண் நாய்க்குப் பெரும்பாலும் பெண் துணைதான் ஒத்துப்போகும். ஆனால் பெண் குட்டி ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் பருவத்துக்கு வரும். சினையானால் 63 நாளில் குட்டி போடும். அதனால் மணிக்கு இப்போதே கருத்தடை செய்துவிடுங்கள். அதன் பிறகும் சில வாரம் சினைப்படுத்தும் திறன் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பெண் குட்டிக்கும் உரிய வயதில் செய்துவிடலாம்.

நம் வெயிலுக்கும் உங்கள் வசதிக்கும் நாட்டுக் குட்டியே போதும். ராஜபாளையம் நல்ல காவல் நாய். ஆனால் பெரிதாக வளரும், தினமும் ஓட வேண்டும். அந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் உண்டு. எடுப்பதானால், குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்.

எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கொண்டு வந்ததும் இரண்டு வாரம் தனி இடம், தனி வட்டில். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். டிஸ்டெம்பர் உள்ளே இருந்தும் சில நாள் வெளியே தெரியாது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் இவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்கும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. மணிக்கு இரண்டும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். குட்டி கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரண்டும் முதலில் சந்திக்க வேண்டியது உங்கள் வாசலில் அல்ல. அது மணியின் இடம். வேறு நாய்கள் வராத பொது இடத்தில், ஆளுக்கொரு கயிறு பிடித்து, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்துங்கள். வீட்டுக்குள் வந்தபின் தனித்தனி மூலையில் சோறு வையுங்கள். மணி உறுமினால் அடிக்காதீர்கள். 'விலகிப் போ' என்று சொல்லும் எச்சரிக்கை அது. அதை அடக்கிவிட்டால் அடுத்து நேராகக் கடிதான். குட்டியைத் தள்ளி எடுங்கள். பழகச் சில வாரம் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். அதுவரை ஆளில்லாமல் இரண்டையும் சேர்த்து விட வேண்டாம்.

கோயில் தெருக் குட்டியை எடுக்கும்போது தாயையும் கவனியுங்கள். விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023-இன்படி தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. உங்கள் ஊராட்சியில் அதற்கு மனுக் கொடுங்கள். இல்லாவிட்டால் சில மாதம் கழித்து இன்னும் ஆறு குட்டிக்கு வீடு தேட வேண்டியிருக்கும்.