முட்டையின் நிறமா, எடையா? வாங்குமுன் ஒரு கணக்கு

குடும்ப வரவு செலவில் பெரிய தொகைகளை நாம் கவனமாக எழுதி வைக்கிறோம்; வாரந்தோறும் கைமாறும் சிறு தொகைகளோ கணக்கில் ஏறுவதில்லை. முட்டைக்குச் செலவிடும் பணம் அத்தகையது. எந்த முட்டையை, எதன் பொருட்டு வாங்குகிறோம் என்பதைச் சற்று ஆராய்ந்தால், அதே பணத்தில் வீட்டிலுள்ளோருக்குக் கூடுதல் சத்து கிடைக்கச் செய்யலாம்.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தாலும் சந்தை பிரியவில்லை. பாறசாலை, வெள்ளறடை, பனச்சமூடு கடைகளில் அட்டை அட்டையாக அடுக்கப்படும் வெள்ளை முட்டைகளில் பெரும்பாலானவை நாமக்கல் பண்ணைகளிலிருந்து வருபவை. பள்ளி உணவில் மட்டும் வேறுபாடு உண்டு. தமிழகப் பள்ளிச் சத்துணவில் வாரத்தில் 5 நாள் முட்டை வழங்கப்படுகிறது. கேரளப் பள்ளிகளில் வாரம் ஒரு முட்டையும், அத்துடன் பாலும் தரப்படுகின்றன. ஆகவே நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் குழந்தைக்கு எஞ்சிய முட்டைகளை வீட்டுப் பணத்தில்தான் வாங்க வேண்டும்.

முட்டை தரும் சத்து

55 கிராம் எடையுள்ள ஒரு கோழி முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும் 70 கலோரி ஆற்றலும் உள்ளன. உடலுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் அனைத்தும் அப்புரதத்தில் அடங்கியுள்ளன. வைட்டமின் ஏ, டி, பி12 ஆகியவையும், மூளை வளர்ச்சிக்கு உதவும் கோலினும் முட்டையில் உண்டு. இவற்றுள் வைட்டமின் ஏ, டி ஆகியன மஞ்சள் கருவில் மட்டுமே உள்ளன. எனவே வளரும் குழந்தைக்கு வெள்ளைக்கருவை மட்டும் கொடுத்து மஞ்சளை ஒதுக்குவது பாதிச் சத்தை வீணாக்குவதாகும்.

முட்டையில் இல்லாதவற்றையும் அறிதல் நன்று. நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும் அதில் இல்லை; அதிலுள்ள இரும்புச் சத்து உடலில் எளிதில் சேர்வதுமில்லை. கீரை, பயறு, பழம் ஆகியவற்றின் இடத்தை முட்டை நிரப்பாது. நல்ல உடல்நலம் உடையோர் நாளுக்கு ஒரு முட்டை உண்பதில் பொதுவாகத் தடையில்லை. நீரிழிவு, இதயநோய் உள்ளோர் மருத்துவரின் அறிவுரைப்படி அளவை முடிவு செய்ய வேண்டும்.

நிறம் சொல்லாத செய்தி

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததன்று. பழுப்பு முட்டையிடும் கோழிகளும் பண்ணைக் கூண்டுகளில் வளர்க்கப்படுகின்றன. ஆதலால் பழுப்பு முட்டையெல்லாம் நாட்டுக்கோழி முட்டை ஆகாது. வெள்ளை முட்டைக்குச் சாயமேற்றி விற்கும் மோசடியும் உண்டு. ஈரத்துணியால் துடைக்கும்போது துணியில் நிறம் ஒட்டினால் ஐயம் கொள்ளலாம். மஞ்சள் கருவின் அடர்ந்த நிறம் சோளம், பசுந்தழை முதலிய தீவனத்தால் வருவது. நிறத்தை மட்டும் கொண்டு புரதம் மிகுதி என முடிவு செய்ய இயலாது.

ஒரு கணக்கைக் காண்போம். 55 கிராம் பண்ணை முட்டை 7 ரூபாய், 42 கிராம் நாட்டுக்கோழி முட்டை 12 ரூபாய் என வைத்துக்கொள்வோம். முன்னதில் சுமார் 6.2 கிராம், பின்னதில் சுமார் 4.7 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு கிராம் புரதத்தின் விலை பண்ணை முட்டையில் ஏறத்தாழ 1 ரூபாய் 13 காசு. நாட்டு முட்டையில் 2 ரூபாய் 55 காசு. தாறா முட்டை பெரியது. ஆயினும் கொழுப்பும் கொலஸ்ட்ராலும் அதில் மிகுதி. காடை முட்டை ஐந்து சேர்ந்தால்தான் ஒரு கோழி முட்டையின் எடைக்கு ஈடாகும். உங்கள் ஊர் விலைகளை இட்டு இதே கணக்கைச் செய்து பார்க்கலாம்.

அப்படியானால் நாட்டு முட்டையை வாங்கவே கூடாதா? வாங்கலாம். அண்டை வீட்டுக் கோழி இன்று இட்ட முட்டை புதியது. சுவையும் பலருக்கு உகந்தது. கொடுக்கும் பணம் அவ்வீட்டுப் பெண்ணின் கையில் நேராகச் சேர்கிறது. இவை கூடுதல் விலைக்குத் தகுந்த காரணங்கள். நிறம் அத்தகைய காரணமன்று.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

1. சரக்கு எந்நாளில் வந்தது எனக் கடைக்காரரிடம் கேளுங்கள். வெயில் படும் இடத்தில் அடுக்கிய முட்டைகளைத் தவிருங்கள்.

2. விரிசல் விட்டதையும் எச்சம் படிந்ததையும் விலை குறைவு என்று வாங்க வேண்டா. விரிசல் வழியே கிருமி நுழையும்.

3. ஒரே விலையில் சிறிதும் பெரிதும் கலந்திருந்தால் கனமானதைத் தேர்ந்தெடுங்கள்.

4. வீட்டில் நீரில் இட்டுப் பாருங்கள். புதிய முட்டை அடியில் படுத்துக் கிடக்கும்; பழகியது நிமிர்ந்து நிற்கும்; மிதப்பதை ஒதுக்கிவிடுங்கள். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாவதே இதற்குக் காரணம்.

5. கழுவி வைக்காதீர்கள், ஓட்டின் மேலுள்ள இயற்கையான காப்புப் படலம் நீங்கிவிடும். சமைக்கும் முன் கழுவினால் போதும். குளிர்ப்பெட்டியில் கூர்முனை கீழாக வையுங்கள்.

6. வெள்ளையும் மஞ்சளும் இறுகும்வரை வேக வையுங்கள். பச்சை முட்டையால் நோய்க்கிருமி பரவக்கூடும். பயோட்டின் என்னும் வைட்டமின் உடலில் சேர்வதையும் அது தடுக்கும்.

தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் விலை நாளிதழ்களில் வெளியாகிறது. புரட்டாசியில் விலை இறங்குவதும், கிறிஸ்துமஸ் கேக் தயாரிப்புக் காலத்தில் ஏறுவதும் வழக்கம். விலை இறங்கும் நாளிலும் இரண்டு வாரத் தேவைக்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டா. முட்டை பழகும்போது மிச்சப்படுத்திய பணமும் வீணாகும்.

வீட்டு முற்றத்தில் கோழி வளர்க்க விரும்புவோர் அருகிலுள்ள வங்கிக் கிளையை அணுகலாம். 2019 முதல் விவசாயி கடன் அட்டை வசதி கோழி வளர்ப்பின் நடைமுறைச் செலவுகளுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. தீவனச் செலவையும் முட்டை வரவையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தால், எவ்வளவு கடன் தேவை, அதை எப்படித் திருப்பிச் செலுத்துவது என்பதைக் கிளை அலுவலருடன் அமர்ந்து எளிதில் தீர்மானிக்கலாம்.