ஆக்சோலாட்டல்: ஆயுளும் வளர்ப்பு முறையும்

மெக்சிகோ நாட்டில் ஏரிக்குள் மேட்டுவயல் அமைத்துப் பயிர் செய்யும் சிறு உழவர்களின் வாய்க்கால்களுக்கு உரிய பிராணி ஆக்சோலாட்டல். தவளை, தேரை ஆகியவற்றைப் போல இதுவும் நீர்நில வாழ்வி வகையைச் சேர்ந்தது. 2021ஆம் ஆண்டில் மைன்கிராப்ட் என்னும் கணினி விளையாட்டில் இது சேர்க்கப்பட்ட பிறகு, உலகெங்கும் பிள்ளைகள் இதனை அறிந்துகொண்டனர். நம் நாட்டு நகரங்களிலும் வண்ணமீன் வணிகர்கள் இதனை விற்கின்றனர். வாங்கித் தரும்படி கேட்கும் பிள்ளைகள் உழவர் வீடுகளிலும் இருக்கக்கூடும். வாங்குமுன் இதன் ஆயுள் எவ்வளவு, எத்தகைய நீர் இதற்குத் தேவை என்பவற்றை அறிந்துகொள்வது நலம்.

உடலமைப்பு

தலைப்பிரட்டை நீரில் செவுளால் மூச்சுவிட்டு, பின்னர் கால் முளைத்து, வால் மறைந்து தவளையாகக் கரையேறுவதை நாம் அறிவோம். ஆக்சோலாட்டல் கரையேறுவதில்லை. தைராய்டு சுரப்பு குறைவாக இருப்பதால் உருமாற்றம் நடைபெறாமல், நான்கு கால்களும் முளைத்த பின்னும் தலையின் இருபுறமும் இறகு போன்ற செவுள்களும் வால் துடுப்பும் அப்படியே நின்றுவிடுகின்றன. சுருங்கச் சொன்னால், இளம்பருவ உருவத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் பிராணி இது. சுமார் 23 செ.மீ. நீளம் வளரும். வெட்டுப்பட்ட கால், எலும்பும் நரம்பும் உட்பட மீண்டும் முளைக்கும். ஆய்வுக்கூடங்களில் இதனைப் பெருமளவில் வளர்ப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இயற்கையில் இதன் நிறம் கரும்பழுப்பு. கடைகளில் காணும் இளஞ்சிவப்பு வகை, வளர்ப்பில் பெருக்கப்பட்டது. 1864ஆம் ஆண்டில் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்சோலாட்டல்கள் பாரிஸ் நகருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஆறினை அகஸ்ட் டூமெரில் என்னும் விலங்கியலார் பெற்றுப் பெருக்கினார். இன்று தொட்டிகளில் வாழ்பவற்றில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவையே.

ஆயுள்

நன்கு பராமரித்தால் தொட்டியில் 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும். 20 ஆண்டுகளைக் கடந்தவையும் உண்டு. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பையனுக்கு இன்று வாங்கிக் கொடுத்தால், அவன் படிப்பை முடித்து வெளியூரில் வேலைக்குப் போன பிறகும் வீட்டில் ஒருவர் தொட்டிக்கு நீர் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலும் அது தாயாரின் வேலையாகவே முடியும்.

தைராய்டு மருந்து கொடுத்து வேடிக்கைக்காக இதனைக் கரையேறச் செய்வோரும் உளர். இவ்வாறு உருமாறியவற்றின் ஆயுள் குறைந்துவிடுகிறது. இதனைச் செய்யலாகாது.

நீரின் வெப்பநிலை

ஆயுளை நிர்ணயிப்பதில் முதலிடம் நீரின் வெப்பநிலைக்கே உரியது. இதன் தாயகமான சோச்சிமில்கோ, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ நம் உதகமண்டலத்தின் உயரம்! ஆகவே 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரே இதற்கு ஏற்றது. 24 டிகிரிக்கு மேல் போனால் தீனி எடுக்காது. உடலில் பூஞ்சாணம் பற்றும். வெப்பம் கூடக்கூட உடலுக்குப் பிராணவாயு அதிகம் தேவைப்படும். ஆனால் நீரில் கரையும் பிராணவாயு குறைந்துகொண்டே போகும். கடல் மட்டத்தில் 18 டிகிரி நீர், லிட்டருக்குச் சுமார் 9.5 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 டிகிரியில் இது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும்.

நம் சமவெளிகளில் கோடையில் நிழலில் வைத்த நீரே 30 டிகிரியை எட்டும். ஐஸ் கட்டி போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். அதனால் வெப்பநிலை சட்டென்று இறங்கி ஏறுமே தவிர, நிலையான குளிர்ச்சி கிட்டாது. நீரைக் குளிர்விக்கும் கருவியை இரவு பகலாக ஓட்டினால்தான் இயலும். அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊரில் இது எளிதன்று. எனவே சமவெளியில் இதனை வளர்க்க வேண்டாம் என்பதே எமது கருத்து.

நீரின் தூய்மை

இங்கு உழவர்கள் அறிந்த செய்தி ஒன்று கைகொடுக்கும். வயலில் இடும் யூரியா அம்மோனியமாக மாறி, மண்ணிலுள்ள பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றமடைகிறது. தொட்டியிலும் இதுவே நடக்கிறது. பிராணியின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அதற்கு நஞ்சு. நைட்ரேட் தீமை குறைந்தது. இந்தப் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் பிராணியை விடக்கூடாது. வாங்கி வந்த அன்றே புதுத்தொட்டியில் விடுவதால்தான் பல ஆக்சோலாட்டல்கள் முதல் மாதத்தைத் தாண்டுவதில்லை. பின்னர் வாரம் ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றி வந்தால் போதும். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதனை நீக்கிய பின்பே பயன்படுத்த வேண்டும்.

தொட்டியும் தீனியும்

ஒரு பிராணிக்கு 75 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி தேவை. இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கும் பழக்கம் இதற்கு இருப்பதால், அடியில் கூழாங்கல் பரப்பினால் அதனையும் விழுங்கிக் குடல் அடைப்புக்கு ஆளாகும். நுண்மணல் பரப்பலாம், ஒன்றும் பரப்பாமலும் விடலாம். கண் இமைகள் இல்லாததால் பிரகாசமான விளக்கு கூடாது. சிறு வயதில் பல குஞ்சுகளை ஒன்றாக விட்டால் ஒன்றன் காலை ஒன்று கடித்துவிடும்.

தீனிகளுள் மண்புழுவே சிறந்தது. பூச்சிமருந்து தெளிக்காத நிலத்துப் புழுவாக இருத்தல் அவசியம். வளர்ந்தவற்றுக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை கொடுத்தால் போதுமானது. சுமார் ஓராண்டில் பருவமடைந்து, ஒரு தடவைக்கு 100 முதல் 1,000 முட்டைகள் வரை இடும். அத்தனையையும் பொரிக்க விட்டால் வீடு கொள்ளாது.

சட்ட நிலை

பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1975 முதல் இப்பிராணி இடம் பெற்றுள்ளது. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படியும், இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். வளர்க்க முடியவில்லை என்று கிணற்றிலோ குளத்திலோ விடுவது கூடாது.

தாயகத்தில் நேர்ந்தது

தொட்டிகளில் பெருகிவிட்ட இப்பிராணி, தன் சொந்த ஊரில் அழியும் நிலையில் உள்ளது. மெக்சிகோ நகரின் தென்பகுதியான சோச்சிமில்கோவில், ஆழமில்லாத ஏரியில் சேற்றையும் நீர்த்தாவரங்களையும் அடுக்கி, கரை சரியாதபடி ஓரத்தில் ஒருவகை வில்லோ மரங்களை நட்டு, நீண்ட வயல்களை அமைத்துள்ளனர். இவற்றுக்குச் சினாம்பா என்று பெயர். நாம் குளத்து வண்டலை வயலுக்கு அடிப்பது போல, அவர்கள் வாய்க்கால் சேற்றை வாரி வயலில் இடுகின்றனர். ஆண்டுக்குப் பல போகம் எடுக்கும் முறை இது. வயல்களுக்கு இடையே ஓடும் அந்த வாய்க்கால்களே ஆக்சோலாட்டலின் வீடு.

1998இல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்று கணக்கிடப்பட்ட இதன் எண்ணிக்கை, 2014இல் 36 ஆகக் குறைந்தது. நகரத்தின் கழிவுநீரும் பூச்சிமருந்துகளும் நீரைக் கெடுத்தன. மக்களின் உணவுக்காக விடப்பட்ட சாதாக் கெண்டையும் ஜிலேபிக் கெண்டையும் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. நல்ல எண்ணத்துடன் செய்த மீன் வளர்ப்பே இந்த அளவுக்குக் கேடாக முடிந்தது.

இப்போது மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் சாம்பிரானோவும் அவரது குழுவினரும் அங்குள்ள உழவர்களுடன் சேர்ந்து பணியாற்றி வருகின்றனர். சினாம்பாவை ஒட்டிய சிறு வாய்க்காலின் வாயில் எரிமலைக் கல்லும் நீர்த்தாவரங்களும் கொண்ட தடுப்பு அமைக்கப்படுகிறது. அது நீரை வடிகட்டுவதுடன் கெண்டை மீன்களையும் உள்ளே விடுவதில்லை. வயலுக்கு உரியவர் பூச்சிமருந்தையும் இரசாயன உரத்தையும் கைவிட வேண்டும். அதற்கு ஈடாக அவரது காய்கறிகள் தனி முத்திரையுடன் விற்கப்படுகின்றன. வளர்ப்பில் பிறந்த 18 ஆக்சோலாட்டல்களை, இத்தகைய வாய்க்காலிலும் நகரிலுள்ள மற்றொரு செயற்கை நீர்நிலையிலும் வானொலிக் கருவி பொருத்தி விட்டுப் பார்த்தனர். அதன் முடிவுகள் 2025இல் வெளியாயின. தொட்டியில் பிறந்தவையாயினும் அவை தாமே இரை தேடிக்கொண்டன. திரும்பப் பிடித்து நிறுத்துப் பார்த்தபோது எடையும் கூடியிருந்தன.