அறுபத்தோராம் அலகு

சென்ற ஆண்டு எம் உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன், தான் ஆக்கிய செயலியிலுள்ள தமிழ்ச் சொற்களைத் திருத்தித் தருமாறு என்னிடம் வந்தான். வீட்டு மின்கட்டணத்தை மாதம் முடியுமுன்னரே கணித்துச் சொல்லும் செயலி அது. சொற்களிலே திருத்தத்தக்கது அதிகம் இருக்கவில்லை. கணக்கிலேதான் பிழை இருந்தது. செலவான அலகுகளின் தொகையை ஒரே விலையாற் பெருக்கி விடை கூறிற்று அச்செயலி. இலக்கணம் கற்பிப்பவனுக்கு இப்பிழை புதியதன்று. பொதுவிதியை மனனஞ்செய்து, சிறப்புவிதியையும் புறனடையையும் மறந்துவிடும் மாணாக்கர் எழுதும் விடையும் இத்தகையதே. மின்கட்டணம் என்பது ஒரு விலையன்று. அஃது ஒரு விதித்தொகுதி. இதனை விளக்குதலே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. அலகு

ஆயிரம் வாற்று வலுவுள்ள கருவியொன்று ஒரு மணி நேரம் இயங்கினாற் செலவாகும் மின்சாரம் ஒரு கிலோவாற்று மணி எனப்படும். மின்பட்டியலில் அலகு என வழங்குவது இதுவே. 10 வாற்று விளக்கு 100 மணி நேரம் எரிந்தால் ஓர் அலகு செலவாகும். 2000 வாற்று மின்கேத்தலோ அரைமணி நேரத்தில் ஓர் அலகை முடித்துவிடும். கிணற்று நீரைத் தொட்டிக்கு ஏற்றும் ஒரு பரிவலு மோட்டர் மணிக்கு முக்கால் அலகுக்குக் குறையாமற் கொள்ளும். ஆகவே, எரியும் நேரத்தை மட்டும் நோக்குதல் போதாது. வலுவையும் நேரத்தையும் சேர்த்தே பெருக்குதல் வேண்டும்.

2. படிமுறைக் கட்டணம்

2014 செப்டெம்பர் முதல் 2022 ஓகஸ்ட் வரை இலங்கையில் வீட்டுப் பாவனைக்கு விதிக்கப்பட்டிருந்த கட்டணத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நெடுங்காலம் மாறாதிருந்தமையால் அது பாடத்துக்கு ஏற்றது.

மாதச் செலவு 60 அலகுக்கு மேற்படாத வீட்டுக்கு, முதல் 30 அலகும் ஒவ்வொன்று 2.50 ரூபா, அடுத்த 30 அலகும் ஒவ்வொன்று 4.85 ரூபா. நிலைக்கட்டணம், 30 அலகுவரை 30 ரூபா. அதற்கு மேல் 60 ரூபா.

மாதச் செலவு 60 அலகைக் கடந்த வீட்டுக்கோ வேறு விதி. முதல் 60 அலகும் ஒவ்வொன்று 7.85 ரூபா, 61 முதல் 90 வரை 10 ரூபா, 91 முதல் 120 வரை 27.75 ரூபா, 121 முதல் 180 வரை 32 ரூபா, அதற்கு மேல் 45 ரூபா. நிலைக்கட்டணம் 90 அலகுவரை 90 ரூபா. 180 வரை 480 ரூபா. அப்பால் 540 ரூபா.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 60 அலகு செலவிட்ட வீடு 75 ரூபாவும் 145.50 ரூபாவும் நிலைக்கட்டணம் 60 ரூபாவுமாக 280.50 ரூபா செலுத்தியது. 61 அலகு செலவிட்ட வீடு 471 ரூபாவும் 10 ரூபாவும் நிலைக்கட்டணம் 90 ரூபாவுமாக 571 ரூபா செலுத்தியது. அறுபத்தோராம் அலகின் விலை 10 ரூபா என்றே அட்டவணை கூறும். அவ்வலகுக்காக அவ்வீடு கூடுதலாகக் கொடுத்ததோ 290.50 ரூபா! 571 ரூபாவை 61 ஆல் வகுத்துச் சராசரி காண்பவனுக்கு அலகொன்று 9.36 ரூபா எனத் தோன்றும். அவன் கணக்கிலே தவறில்லை. ஆயினும் அது வீட்டுக்குப் பயன்படாத உண்மை. 91 ஆம் அலகிலும் இவ்வாறே. அட்டவணை விலை 27.75 ரூபா, பட்டியலில் ஏறியது 417.75 ரூபா.

நாட்கூலியால் வாழும் இல்லமொன்றை எண்ணிப் பாருங்கள். மாதம் முடிய மூன்று நாள் இருக்க, மின்மானி 58 அலகு காட்டுகின்றது. அவ்வில்லத்துக்கு வேண்டியது சராசரி விலையன்று. “எல்லைக்கு இன்னும் இரண்டு அலகே உண்டு” என்னும் எச்சரிக்கையே. அதனைக் கூறாத செயலி எத்துணை அழகிய படங்களைக் காட்டினும் பயனில்லை. மேலும், மானி வாசிக்கும் நாள் எப்போதும் 30 நாளுக்கு ஒருமுறை வாய்ப்பதில்லை. நாட்டொகை கூடிக் குறையின் படிகளின் எல்லையும் அவ்விகிதப்படி மாறும். இதுவே இவ்விதிக்குப் புறனடை.

3. நேரக் கட்டணம்

மாலை விளக்கேற்றும் வேளையில் நாடெங்கும் விளக்கும் அடுப்பும் தொலைக்காட்சியும் ஒருங்கே இயங்குகின்றன. அவ்வேளைத் தேவைக்கு நீர்மின்சாரம் போதாதவிடத்து எண்ணெய் எரித்து மின்சாரம் பிறப்பிக்க நேரும்; அதன் செலவு பெரிது. இக்காரணம்பற்றி எழுந்ததே நேரக் கட்டணம். 2022 ஓகஸ்டுக்கு முன், இதனை விரும்பி ஏற்ற வீடுகளுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அலகொன்று 54 ரூபா, இரவு 10.30 முதல் காலை 5.30 வரை 13 ரூபா. பகலில் 25 ரூபா. நீரிறைக்கும் வேலையை மாலை ஏழு மணியிலிருந்து அதிகாலை ஐந்து மணிக்கு மாற்றியவர் அலகுக்கு 41 ரூபா மீதப்படுத்தினார்.

ஆனால், படிமுறைக் கட்டணம் செலுத்தும் வீட்டார் இவ்வாறு நேரத்தை மாற்றினால் ஒரு சதமும் மீதமாகாது. அவர்களுக்கு மொத்த அலகைக் குறைத்தலே வழி. ஆதலின் செயலி முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, “உமது வீடு எவ்வகைக் கட்டணத்தின்பாற் பட்டது?” என்பதே.

பிரித்தானியாவில் இம்முறை மேலும் வளர்ந்துள்ளது. 1978 இல் இரவின் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்த விலை வழங்கும் ஏற்பாடு அங்குத் தோன்றியது. 2018 இல் ஒக்டோபஸ் எனர்ஜி நிறுவனம் அரைமணிக்கொரு விலையாக நாளொன்றுக்கு 48 விலைகளை முதல்நாட் பிற்பகலிலேயே வெளியிடும் கட்டணத்தைத் தொடங்கியது. செயலிகள் நேரே வாசிக்கத்தக்க தரவாக அவ்விலைகள் கிடைக்கின்றன. காற்று மிகுந்து தேவை குறைந்த வேளைகளில் விலை பூச்சியத்துக்குக் கீழிறங்குவதும் உண்டு. இலண்டனில் வாழும் எம் பழைய மாணவர் சிலர் இதனை நேரில் அறிவர்.

இங்கும் இடறும் இடங்கள் இரண்டு. ஆடை கழுவும் இயந்திரத்துக்கு இரண்டு மணி நேரம் வேண்டுமாயின், மிகக் குறைந்த விலையுள்ள ஓர் அரைமணியைத் தேடுதல் கூடாது. அடுத்தடுத்துள்ள நான்கு அரைமணிகளின் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவு என்று தேடுதல் வேண்டும். மற்றது, அந்நாட்டில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவர். அந்நாட்களில் அரைமணிகள் 46 ஆகவும் 50 ஆகவும் அமையும். நாளென்றால் 48 என எழுதிவைத்த செயலி அவ்விரு நாளும் பிழைக்கும்.

4. காலம்

விதி மாறும் என்பதை மறவற்க. இலங்கையில் 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரி நூற்றுக்கு 75 வீதம் உயர்ந்தது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்து, அவ்வாண்டு ஜூனில் 15 வீதம் கூடியது. விலைகளைச் செயலியின் உள்ளே பொறித்துவைத்தவன் ஒவ்வொரு முறையும் செயலியையே மாற்றவேண்டியவனாவான். விலை, படியின் எல்லை, நேர எல்லை, நிலைக்கட்டணம் ஆகியவற்றை அவை தொடங்கிய திகதியுடன் தனி அட்டவணையில் வைத்தல் வேண்டும். பழைய பட்டியலைப் பழைய விதியால் அளத்தலே முறை.

நேர எல்லையும் நிலையானதன்று. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே தேவை குறைந்து வெயில் மிகுந்தமையால், கூரைமேற் சூரியக்கலம் வைத்திருந்தோரைப் பகலில் அவற்றை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. மலிவான வேளை இரவே என நாம் படித்த பாடமும் ஒருநாள் மாறக்கூடும்.

பயிற்சி

மேற்காட்டிய 2014 ஆம் ஆண்டு அட்டவணைப்படி:
(அ) 120 அலகுக்குரிய பட்டியல் யாது? (விடை: 2083.50 ரூபா)
(ஆ) 95 அலகு செலவிடும் வீடு 5 அலகைக் குறைத்தால் மீதம் யாது? (விடை: 528.75 ரூபா)
(இ) உங்கள் வீட்டுச் சென்ற மாதப் பட்டியலை எடுத்து, அடுத்த எல்லைக்கு எத்தனை அலகு இருந்ததெனக் காண்க. இதற்குரிய விடை உங்கள் வீட்டிலே உள்ளது.

அம்மாணாக்கன் தன் செயலியைத் திருத்தி மீண்டும் கொண்டுவந்தான். முகப்பில் முன்னிருந்த சராசரி விலை இல்லை. “எல்லைக்கு மீதி” என்னும் இரு சொல்லும் ஓர் எண்ணும் இருந்தன. அச்சொற்களில் நான் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எம் பழைய மாணவருள் மின்பொறியியலாளரும் கணினி வல்லுநரும் பலர் உளர். அவர்கள் ஓய்வு வாய்க்கும்போது இத்தகைய மாணாக்கரின் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொடுப்பாராயின், அதுவே கல்லூரிக்கு அளிக்கும் நல்ல விழாப் பரிசாகும்.